வட்டமும் அம்பும்: ஒரு திரை எப்போது மாறலாம் என்பதன் வரலாறு

பதுளைக்குப் போகிற கோச்சியில் ஏறியவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஒரு சின்ன நிலையத்தை மெதுவாகத் தாண்டும். மேடையில் நிற்கிற ஊழியர் பெரிய வளையம் ஒன்றை உயர்த்திப் பிடிப்பார். எஞ்சினில் இருப்பவர் கையை வெளியே விட்டு அதைக் கோத்து எடுப்பார், தன்னிடம் இருந்த வளையத்தைக் கொடுத்துவிடுவார். வளையத்தோடு தொங்குகிற பைக்குள் ஓர் உலோக வில்லை இருக்கும். அதைத்தான் டப்லட் என்பார்கள். அடுத்த நிலையம் வரை ஒற்றைத் தண்டவாளம். அந்தத் துண்டுக்குரிய வில்லை கையில் இல்லாமல் வண்டி உள்ளே போகக்கூடாது.

பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஆளுக்கொரு பெட்டி இருக்கிறது. இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு வில்லைதான் வெளியே வரும். அது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பப் பெட்டிக்குள் விழும்வரை அடுத்த வில்லையை இழுத்தாலும் வராது. நிலைய அதிபருக்கு நித்திரை வந்தாலும், மறதி வந்தாலும், மேலிடத்தில் இருந்து யாராவது அவசரப்படுத்தினாலும் வராது.

கோச்சியில் தொடங்கினாலும் நாங்கள் எழுத வந்தது இணையச் செயலி ஒன்றில் திரைகள் மாறுவதைப் பற்றி. இரண்டுக்கும் என்ன தொடர்பு எண்டு கேட்பீர்கள். முதலில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறோம்.

மூன்று தரம் அழுத்திய தங்கச்சி

எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக ஒரு சின்னச் செயலி செய்தோம். எங்களிடம் இருக்கிற புத்தகங்களின் பட்டியல், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், ‘எனக்கு வேணும்’ என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். வேலை தெரிந்த இரண்டு பேரும் தெரியாத நாலு பேரும் சேர்ந்து ஒரு மாதத்தில் முடித்தோம்.

திரையில் என்ன காட்டுவது என்பதைத் தீர்மானிக்க நான்கு ஆம்-இல்லைக் கொடிகளை வைத்திருந்தோம்: உள்ளே நுழைந்தாரா, ஏற்றிக்கொண்டிருக்கிறதா, வெற்றியா, பிழையா. தொடக்கத்தில் இது போதும்போலத்தான் இருந்தது.

கிளிநொச்சியில் இருந்து ஒரு தங்கச்சி பஸ்ஸில் வரும்போது ஒரு நாவலுக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறா. டேட்டா சரியாக இல்லை. ஒன்றும் நடக்காததால் திரும்ப அழுத்தினா. பிறகும் அழுத்தினா. கடைசியில் திரையில் ‘நூல் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது’ என்று பச்சையிலும், அதற்குக் கீழே ‘மீண்டும் முயலுங்கள்’ என்று சிவப்பிலும் ஒரே நேரத்தில் வந்தது. எங்கள் பதிவில் அந்த ஒரு நூலுக்கு மூன்று ஒதுக்கீடுகள் விழுந்திருந்தன. குழப்பமாக இருக்கிறதே என்று எங்களில் ஒருவர் மூன்றையும் அழித்துவிட்டு நூலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். தங்கச்சி யாழ்ப்பாணம் வந்து இறங்கினபோது புத்தகம் இல்லை.

“அண்ணை, பச்சையில வந்ததைத்தானே நான் நம்பினான்” என்று மட்டும் சொன்னா.

அன்றிரவு கோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தோம். நான்கு கொடிகள் என்றால் 2×2×2×2, மொத்தம் 16 சேர்க்கைகள். அதில் உண்மையிலேயே அர்த்தமுள்ளவை ஐந்தோ ஆறோதான். மிச்சம் பத்தும் நடக்கவே கூடாதவை: வெற்றியும் பிழையும் ஒன்றாக, உள்ளே நுழையாதவருக்கு ஒதுக்கீடு, இப்படி. நடக்கக்கூடாது என்று எங்கள் மனதுக்குள் இருந்தது. கோட்டுக்கு அதை நாங்கள் சொல்லவில்லை. இதற்கு என்ன வழி என்று தேடினபோதுதான், இந்தப் பிரச்சினைக்கு 150 வருடத்துக்கு மேற்பட்ட வயது என்று விளங்கியது.

‘வண்டி புறப்பட்டுவிட்டது’

1874 செப்டெம்பர் 10ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் நொரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் ஒற்றைத் தண்டவாளத்தில் நேருக்கு நேர் மோதின. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் ஒரு தந்திச் செய்தி. எதிர்ப்பக்க நிலையத்தில் நிற்கிற தபால் ரயிலை அனுப்பலாம் என்று நொரிச்சில் இருந்து செய்தி போனது. அதே நேரத்தில் நொரிச்சில் இருந்தும் ஒரு வண்டியை விட்டுவிட்டார்கள். பிழை தெரிந்து செய்தியை ரத்துச்செய்யத் தந்தி அடித்தபோது, தபால் ரயில் புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓடுகிற வண்டிக்குச் சொல்ல வழி கிடையாது.

இந்த விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டயர் என்ற பொறியியலாளர் செய்ததுதான் அந்த டப்லட் பெட்டி. 1878இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். ஊழியர்களை இன்னும் கவனமாக இருக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம். டயர் வேறு பாதையில் யோசித்தார். இந்தத் துண்டுத் தண்டவாளம் எந்தெந்த நிலையில் இருக்கலாம்? ஒன்று, வெறுமையாக. மற்றது, ஒரு வண்டியின் கையில். ‘இரண்டு வண்டிகளின் கையில்’ என்ற நிலையே இல்லாதபடி பெட்டியைக் கட்டினார்.

மனிதர் செய்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது ஒரு வழி. பிழையான நிலைக்குப் போகும் பாதையையே வைக்காமல் விடுவது இன்னொரு வழி. நாங்கள் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றித்தான்.

தொலைபேசிக்காரர்களின் கணிதம்

டயரின் பெட்டியில் இருந்த யோசனைக்குக் கணிதப் பெயர் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1936இல் அலன் டியூரிங் தன் கற்பனை இயந்திரத்தை எழுதினபோது, எல்லையுள்ள எண்ணிக்கையான நிலைகள் அதன் நடுவில் இருந்தன. 1943இல் வோரன் மக்கலக்கும் வோல்ட்டர் பிட்ஸும் நரம்புக் கலங்களை ஆம்-இல்லைக் கணுக்களாக எழுதிப் பார்த்தார்கள். ஆனால் அன்றாட வேலைக்கு இது உடனடியாகத் தேவைப்பட்ட இடம் தொலைபேசித் துறை.

யோசித்துப் பாருங்கள். ஒரு பழைய தொலைபேசி: ரிசீவர் கீழே இருக்கிறது, எடுத்தாயிற்று, எண் சுழற்றுகிறார்கள், மணி அடிக்கிறது, கதைக்கிறார்கள், வைத்தாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் சில செயல்களுக்குத்தான் அர்த்தம் உண்டு. கதைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கக்கூடாது. இப்படிப்பட்ட சுற்றுகளை ரிலேக்களால் கட்டுகிறவர்களுக்கு ஒரு முறை வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜோர்ஜ் மீலி 1955இலும், எட்வர்ட் மூர் 1956இலும் எழுதிய கட்டுரைகள் இன்றும் இரண்டு வகைகளாகப் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. மூர் இயந்திரத்தில், வெளியே தெரிவது தற்போதைய நிலையை மட்டும் பொறுத்தது. மீலி இயந்திரத்தில், நிலையோடு இப்போது வந்த உள்ளீட்டையும் பொறுத்தது.

பல்கலைக்கழகத்தில் இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் திரைகளோடு பொருத்திப் பார்த்ததில்லை. பொருத்தினால் நேராகப் பொருந்துகிறது. ‘எந்த நிலையோ அதற்குரிய திரை’ என்றால் அது மூர். ‘இந்த நிலையில் இந்தப் பொத்தானை அழுத்தினால் சேர்வருக்குச் செய்தி போகட்டும்’ என்றால் அது மீலி. ஒரு செயலிக்கு இரண்டுமே வேணும்.

1959இல் மைக்கேல் ரபினும் டேனா ஸ்கொட்டும் இந்தக் கோட்பாட்டை ஒழுங்காக அடுக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்காகவே 1976இல் டியூரிங் விருது கிடைத்தது. அதன் பிறகு நிலைப் பொறி என்றால் எல்லோருக்கும் ஒரே படம்தான்: நிலைக்கு ஒரு வட்டம், மாற்றத்துக்கு ஓர் அம்பு, அம்பின் மேல் அந்த மாற்றத்தைத் தூண்டும் நிகழ்வின் பெயர். வரையாத அம்பு நடக்காத மாற்றம்.

திரைக்கு முன்னால் மனிதர்

ஒரு மனிதர் திரையைப் பார்த்துக்கொண்டு கணினியோடு ‘கதைக்கிற’ காலம் 1960களில் வந்தது. வந்த உடனேயே இந்த வட்டமும் அம்பும் அங்கே நுழைந்துவிட்டன. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த வில்லியம் நியூமன் 1968இல், திரையில் படம் வரைகிற நிரல்களை நிலை வரைபடங்களாக எழுதும் ஒரு முறையை வெளியிட்டார். அடுத்த வருடம் டேவிட் பார்னஸ் இன்னும் நேராகச் சொன்னார்: பயனர் ஒவ்வொரு கட்டத்திலும் என்னென்ன செய்யலாம், செய்தால் எங்கே போவார் என்பதை நிலைமாற்ற வரைபடமாக வரைந்து இடைமுகத்தை வடிவமைக்கலாம் என்று.

1969! மனிதன் நிலவில் கால் வைத்த வருடம். இன்றைக்கு ‘புதுசா ஒரு லைப்ரரி வந்திருக்கு’ என்று யூரியூப்பில் சொல்லித் தருகிற அதே யோசனை. ஆனால் கன பேர் அதைக் கைக்கொள்ளவில்லை. திரைகள் சிறியவை, நிரல்கள் சிறியவை, மனதுக்குள் வைத்திருந்தால் போதும் என்றுதான் எழுதுகிறவர்கள் நினைத்தார்கள். நாங்கள் நினைத்த மாதிரியே.

எட்டு விநாடி

மனதுக்குள் வைத்திருந்தது போதவில்லை என்பதற்கு மிகக் கொடிய சாட்சி தெரக்-25. கனடாவில் செய்யப்பட்ட, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கிற இயந்திரம். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள்.

அதற்கு இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று எலக்ட்ரோன் முறை, மென்மையான கற்றை. மற்றது எக்ஸ்-கதிர் முறை. அதில் கற்றை மிக வலிமையானது. ஆனால் கற்றைக்கும் நோயாளிக்கும் இடையில் ஒரு தடுப்பு வந்து நிற்கும். வலிமையான கற்றையும் தடுப்பு இல்லாத நிலையும் ஒன்றாக வந்தால் ஆள் தப்பமாட்டார். இந்தச் சேர்க்கை நடக்கவே கூடாது.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வைத்தியசாலை. இயக்குபவர் பழக்க தோஷத்தில் எக்ஸ்-கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேலே போய் எலக்ட்ரோன் என்று மாற்றி, மிச்சக் கட்டங்களை வேகமாகத் தாண்டி வந்தார். வேலையில் கைதேர்ந்தவர், வேகமானவர். உள்ளே இயந்திரம் தன் காந்தங்களைச் சரிப்படுத்த ஏறத்தாழ 8 விநாடி எடுக்கும். அந்த 8 விநாடிக்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனிக்கவே இல்லை. திரையில் எலக்ட்ரோன். இயந்திரத்தின் ஒரு பாதி எக்ஸ்-கதிர், மறுபாதி எலக்ட்ரோன்.

திரையில் ‘மல்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. கொடுக்கவேண்டிய அளவு 202, கொடுத்தது 6 என்று காட்டியது. குறைவாகத்தானே போயிருக்கிறது என்று நினைத்து, தொடர்வதற்கான விசையை அவர் அழுத்தினார். உள்ளே இருந்த மனிதருக்கு இரண்டாவது தடவையும் பட்டது. அவருக்குப் போனது கொடுக்கவேண்டியதைப்போல ஏறத்தாழ 100 மடங்கு. ஐந்து மாதத்தில் இறந்துபோனார். அடுத்த மாதமே அதே வைத்தியசாலையில் இன்னொருவருக்கு அதே பிழை நடந்தது. பிறகுதான் அங்கிருந்த பௌதிகவியலாளரும் இயக்குபவரும் சேர்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, வேகமாகத் திருத்தினால் இது வருகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் எங்களை உலுக்கியது ஒன்று. இதற்கு முந்தைய மாடலான தெரக்-20இன் நிரலிலும் இதே பிழை இருந்திருக்கிறது. ஆனால் அதில் டயரின் பெட்டியைப்போல வன்பொருள் பூட்டுகள் இருந்தன. கூடாத சேர்க்கை வந்தால் ஃபியூஸ் போய்விடும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. தெரக்-25 செய்தபோது, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள்.

நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் எழுதிய ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. ஒரே ஒரு காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுவனம் முறைப்பாடுகளை நம்ப மறுத்தது, பரிசோதனை போதவில்லை, பிழைச் செய்தி யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் இருந்தது இது: திரை ஒரு நிலையைச் சொன்னது, இயந்திரம் வேறொரு நிலையில் இருந்தது. எங்கள் தங்கச்சிக்குப் போனது ஒரு பஸ் பயணம் மட்டும். பிழையின் உருவம் ஒன்றுதான்.

கிபிர் கட்டிய இடத்தில்

சரி, எல்லாவற்றையும் வட்டமும் அம்புமாக வரைந்தால் போச்சு என்று நினைக்கலாம். வரைந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு ஆம்-இல்லையும் வட்டங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குகிறது. நான்கு கொடிக்கு 16. பத்துக் கொடிக்கு 1024. தாள் முழுக்கச் சிலந்தி வலை.

இதற்கு வழி கண்டவர் டேவிட் ஹரெல் என்ற இஸ்ரேலியக் கணினி அறிஞர். 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேல் விமானக் கைத்தொழில் நிறுவனம் லாவி என்ற போர் விமானத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தது. வாரத்தில் ஒருநாள் ஆலோசகராக அங்கே போனார். விமானத்தின் மின்னணுப் பகுதி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பெரிய பெரிய ஆவணங்கள் இருந்தன. விமானி இந்தப் பொத்தானை இந்தச் சூழ்நிலையில் அழுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்டால், பொறியியலாளர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். ஓரிடத்தில் ஒரு பதில், இன்னோரிடத்தில் வேறு பதில்.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு நிமிடம் நிற்கவேண்டியிருக்கிறது. அதே நிறுவனம்தான் கிபிரையும் கட்டியது. இலங்கை விமானப்படை அதை 1996இல் வாங்கியது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ‘கிபிர்’ என்பது ஒரு விமானத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சத்தத்தின் பெயர். பங்கருக்குள் ஓடவைத்த சத்தம். எங்கள் புத்தகச் செயலிக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட முறை, அந்தக் கூரையின் கீழ், இன்னொரு குண்டுவீச்சு விமானத்துக்காகப் பிறந்தது. லாவி 1987இல் கைவிடப்பட்டது. முறை தங்கிவிட்டது. இதைச் சொல்லாமல் வரலாறு எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. கணினியில் நாங்கள் பாவிக்கிற கன விசயங்கள் யுத்தப் பணத்தில் வந்தவைதான். தெரிந்துகொண்டு பாவிப்போம்.

ஹரெல் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறைக்கு ஸ்டேட்சார்ட் என்று பெயரிட்டார். சாதாரண வட்ட-அம்புப் படத்தோடு முக்கியமாக மூன்றைச் சேர்த்தார். வட்டத்துக்குள் வட்டம்: ‘உள்ளே நுழைந்தவர்’ என்ற பெரிய நிலைக்குள் பட்டியல், விவரம் எல்லாம் அடங்கும், ‘வெளியேறு’ என்ற அம்பை வெளி வட்டத்தில் ஒரு தடவை வரைந்தால் போதும். பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நிலைகள்: திரை ஒரு பக்கம், இணையத் தொடர்பு இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கி வரையத் தேவையில்லை. மூன்றாவது ஞாபகம்: ஒரு வட்டத்தை விட்டுப் போய்த் திரும்பி வந்தால், விட்ட இடத்துக்கே வரலாம்.

அந்தக் கட்டுரையில் அவர் உதாரணமாக எடுத்தது விமானத்தை இல்லை. ஒரு சிட்டிசன் கைக்கடிகாரத்தை. நான்கு பொத்தான் உள்ள டிஜிட்டல் கடிகாரத்தின் அலாரம், நிறுத்தற்கடிகாரம், விளக்கு எல்லாவற்றையும் வரைந்து காட்டினார். ஒரே பொத்தான் ஒவ்வொரு நிலையிலும் வேறு வேலை செய்கிறதை அந்தப் படத்தில் ஒரு பார்வையில் காணலாம்.

பக்கத்தில் இருந்து செயலிக்கு

இணையத்துக்கு வருவோம். 1989இல் டிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த வலையில் இந்தப் பிரச்சினை பெரிதாக இருக்கவில்லை. ஒரு பக்கம் ஒரு நிலை, ஒரு இணைப்பு ஒரு அம்பு. தட்டினால் பழைய பக்கம் முழுதாகப் போய்ப் புதியது வரும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தில் நிற்க முடியாது. பின்னால் போகும் பொத்தானைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். சேர்வருக்கோ ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளையும் முன்பின் தெரியாத ஆளைப்போலத்தான் பார்க்கும். கடையில் பொருள் சேர்க்கிற கூடை போன்றவற்றுக்கு ஞாபகம் வேண்டியிருந்ததால் 1994இல் நெட்ஸ்கேப்பில் குக்கி வந்தது.

பிறகு எல்லாம் மாறியது. 2004இல் ஜிமெயில், 2005இல் கூகுள் மேப்ஸ். பக்கம் மாறாமலே உள்ளே இருப்பவை மாறின. இந்த முறைக்கு 2005இல் ஜெஸி ஜேம்ஸ் கரெட் ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 2013இல் ரியாக்ட் வந்த பிறகு, முழுச் செயலியும் ஒரே பக்கத்துக்குள் ஓடுவது வழமையாகிவிட்டது. வேகம் கிடைத்தது. ஆனால் அதுவரை பிரவுசர் சும்மா பார்த்துத் தந்த வேலை எழுதுகிறவர் தலையில் விழுந்தது. தெரக்-20இல் இருந்த பூட்டைக் கழற்றிய மாதிரித்தான். பழைய பக்கம் தானாகப் போகாது. பாதி பழைய திரை, பாதி புதிய திரை என்று நிற்கலாம். பச்சையும் சிவப்பும் ஒன்றாக வரலாம்.

அதனால்தான் பழைய யோசனை திரும்பி வந்தது. ஹரெலின் ஸ்டேட்சார்ட்டை இடைமுகத்துக்கு எப்படிப் பாவிப்பது என்று இயன் ஹொரொக்ஸ் 1999இலேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதை எழுதும் பொது வடிவம் ஒன்றை உலகளாவிய வலைச் சங்கம் 2015இல் தரமாக்கியது. 2017 அளவில் டேவிட் குர்ஷித் எக்ஸ்ஸ்டேட் என்ற நிரலகத்தோடு மாநாடுகளில் கதைக்கத் தொடங்கினபோதுதான், எங்கள் தலைமுறை வலை நிரலாளர் பலர் இதைக் கேள்விப்பட்டார்கள்.

எங்கள் தாள்

நாங்கள் எந்த நிரலகத்தையும் உடனே இறக்கவில்லை. ஒரு பெரிய தாளை எடுத்தோம். நான்கு கொடிகளையும் தூக்கி எறிந்துவிட்டு, ‘நிலை’ என்று ஒரே ஒரு மாறியை வைத்தோம். அதற்கு இந்தப் பெயர்களில் ஒன்று மட்டும்தான் இருக்கலாம்:

பட்டியல். நூலைத் தட்டினால் ‘விவரம்’.
விவரம். ‘எனக்கு வேணும்’ என்றால் ‘அனுப்புகிறது’. ‘பின்னால்’ என்றால் ‘பட்டியல்’.
அனுப்புகிறது. சேர்வர் ஆம் என்றால் ‘ஒதுக்கப்பட்டது’. இல்லை என்றால் ‘கிடைக்கவில்லை’. 10 விநாடிக்குள் பதில் இல்லை என்றால் ‘உறுதியில்லை’.
உறுதியில்லை. ‘பார்’ என்றால் சேர்வரிடம் கேட்டு, பதிலைப் பொறுத்து மேலே உள்ள இரண்டில் ஒன்று.
ஒதுக்கப்பட்டது, கிடைக்கவில்லை. இரண்டிலும் ‘சரி’ என்றால் ‘பட்டியல்’.

‘அனுப்புகிறது’ நிலையில் ‘எனக்கு வேணும்’ என்ற அம்பு இல்லை. ஆகவே தங்கச்சி அந்த நேரத்தில் மூன்று தரமோ முப்பது தரமோ தட்டலாம், ஒன்றும் நடக்காது. வில்லை வெளியே இருக்கிறது, இன்னொன்று வராது. பச்சையும் சிவப்பும் ஒன்றாக வருவதற்கும் இடமில்லை. ஏனென்றால் ஒரு மாறிக்கு இரண்டு பெறுமதி இருக்க முடியாது.

கன நேரம் வாக்குவாதப்பட்டது ‘உறுதியில்லை’ பற்றி. முதலில் அது எங்கள் தாளில் இருக்கவில்லை. பதில் வரவில்லை என்றால் பிழை என்றுதான் எழுதியிருந்தோம். ஆனால் பதில் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: வேண்டுகோள் போய்ச் சேரவில்லை, அல்லது போய்ச் சேர்ந்து ஒதுக்கீடும் நடந்து, பதில்தான் வழியில் தொலைந்தது. ‘பிழை, மீண்டும் முயலுங்கள்’ என்பது பாதி நேரம் பொய். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற திரை வேணும். ஏ9 வீதியில் பஸ்ஸில் இருக்கிற ஒருவருக்கு அதுதான் அடிக்கடி வரும் உண்மை நிலை.

திரையில் இருக்கிற நிலைப் பொறி சேர்வரைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லவேணும். ஒருவர் இரண்டு போனில் இருந்து ஒரே நேரத்தில் அழுத்தலாம். அதனால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் புதிய ஒதுக்கீடு செய்யாதபடி சேர்வரிலும் மாற்றினோம். டயருக்கும் இரண்டு நிலையத்திலும் பெட்டி வேண்டியிருந்ததே.

எல்லா இடத்துக்கும் இது தேவையா? இல்லை. ஒரு மெனு திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரு ஆம்-இல்லை போதும். இரண்டாவது கொடியைச் சேர்க்கும்போது ஒருதரம் யோசியுங்கள். மூன்றாவதைச் சேர்க்கக் கை போனால் தாளை எடுங்கள்.

தாளில் இல்லாதவர்

கதை இதோடு முடிந்திருந்தால் எங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

புத்தகங்களுக்கும் ஒரு நிலைப் பொறி எழுதினோம். மூன்று நிலைகள்: உள்ளே, வெளியே, தாமதம். தாமதமானால் மூன்று நாளுக்கொரு தரம் நினைவூட்டல் போகும். வேலை நன்றாகத்தான் நடந்தது. மழைக்காலத்தில் ஒரு வாசகரின் வீட்டுக்குள் வெள்ளம் வந்து புத்தகமும் போய்விட்டது. அவர்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தார்கள். எங்கள் பொறிக்கு அது தெரியாது. ‘நூலைத் திருப்பித் தரவும்’ என்று மூன்று தடவை அனுப்பியிருக்கிறது. நான்காவது போக முதல் அவரே எடுத்துச் சொன்னார், கோபமில்லாமல். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிழை கோட்டில் இல்லை. எழுதியபடி ஒவ்வொரு அம்பும் சரியாக வேலை செய்தது. எங்கள் தாளில் அவர் இருந்த நிலைக்கு வட்டமே இல்லை. நடக்கக்கூடாதவற்றை நடக்கவிடாத இதே முறைக்கு இந்த மறுபக்கமும் இருக்கிறது: நாங்கள் நினைத்துப் பார்க்காதவையும் அதற்குள் நடக்காது. வெளியே உலகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

அன்று நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். பிறகு தாளை எடுத்து நான்காவது வட்டம் வரைந்தோம்: ‘இழந்தது’. அதற்குள் போகும் அம்பை வாசகரே தொடங்கலாம், காரணம் எழுதத் தேவையில்லை. அதில் இருந்து நினைவூட்டலுக்கு அம்பு கிடையாது.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக எதையும் கட்ட முதல், கோட் தெரியாத நாலு பேரையும் கூட்டி, தாளை நடுவில் விரித்து, ஒவ்வொரு வட்டத்திலும் விரலை வைத்து இரண்டு கேள்வி கேட்கிறோம். இங்கே நிற்கிறவர் என்ன செய்யலாம்? இங்கே நிற்க வேண்டியவர் யாராவது விடுபட்டிருக்கிறார்களா? முதல் கேள்விக்குக் கோட் எழுதுகிறவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதுக்குப் பதில் சொல்வது அனேகமாக மற்ற நாலு பேரும்தான்.